பத்தாயிரம் வாஷரும் பதினொரு டிக்கெட்டும்

சென்னையில் அலுவலகம் நடத்தும் நிறுவனத் தலைவர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். பெருங்குடியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சப்ளையர்கள் அனுப்பும் பில்லைச் சரிபார்த்து, பணம் போக வழி செய்வது என் வேலை. இந்தத் தொழிலுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் அம்பத்தூர் எஸ்டேட், மீதியெல்லாம் ஓ.எம்.ஆர். பக்கம். ஒரு போனில் முடியும் வேலையை மாதக்கணக்கில் இழுக்கும் அலுவலக நடைமுறைகளைப் பற்றிய இந்தக் கடிதத்தை என் நிறுவனத்துக்கென்று மட்டும் எழுதவில்லை. தரமணியில் இருக்கும் என் தோழி, சிறுசேரிக்குப் போய்வரும் என் தம்பி, இரண்டு பேரும் சொல்லும் கதை ஏறக்குறைய இதேதான். மென்பொருளின் பெயர்தான் மாறும்.

போன மாதம் எங்களுக்கு ஊழியர் ஈடுபாட்டு சர்வே வந்தது. 62 கேள்விகள். "உங்கள் பதில் யாருடையது என்று யாருக்கும் தெரியாது" என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயே துறை, கிரேடு, சேர்ந்த வருடம், ஆணா பெண்ணா என்று நான்கு கட்டங்கள், நான்கும் கட்டாயம். எங்கள் துறையில் என் கிரேடில் இருக்கும் பெண் நான் ஒருத்திதான். சரி, அதை விடுங்கள். நடுவில் ஒரு கேள்வி: "வேலைக்கு வரும்போது உங்களுக்கு உற்சாகம் இருக்கிறதா?" ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். மூன்றைத் தொட்டேன். ஆனால் நான் சொல்ல நினைத்தது மூன்றில் அடங்கவில்லை. அதனால் ஒரு பில்லின் கதையைச் சொல்கிறேன்.

அம்பத்தூரில் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப் வைத்திருப்பவர் அவர். இரண்டு பவர் பிரஸ், ஐந்தாறு ஆட்கள். ஒரகடத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு வாஷர் அடித்துக் கொடுக்கிறார். இந்தத் தடவை 10,000 வாஷர். வரியெல்லாம் சேர்த்து 18,400 ரூபாய். பிஓவில், அதாவது நாங்கள் கொடுத்த ஆர்டரில், எண்ணிக்கை 10,000 என்று இருக்கிறது, அவருடைய பில்லிலும் 10,000. ஸ்டோர்ஸில் பத்தாயிரம் வாஷரை யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்? தராசில் வைத்தார்கள், 52 கிலோ வந்தது, 52 என்று பதிந்துவிட்டார்கள். சரக்கு சரி, விலை சரி. ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேட்டது 10,000, வந்தது 52, பில் 10,000-க்கு. பில் நின்றுவிட்டது.

பிஓ, சரக்கு வந்த பதிவு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும் என்பது நல்ல விதி. அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்பதில்தான் வினையே ஆரம்பிக்கிறது.

நான் ஒரகடத்துக்கு நேராகப் போன் செய்யக் கூடாது. டிக்கெட் போட வேண்டும், அதாவது கம்ப்யூட்டரில் ஒரு கோரிக்கையைப் பதிய வேண்டும். அது வேறு ஊரில் இருக்கும் ஒரு குழுவுக்குப் போகும். அவர்கள் 48 மணி நேரத்துக்குள் அதை முடிக்க வேண்டும். முடித்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. "கூடுதல் விவரம் தேவை" என்று ஒரு வரி எழுதி மூடினாலும் அது பச்சைதான். முதல் டிக்கெட் அப்படித்தான் மூடியது. விவரத்தைச் சேர்த்து இரண்டாவது போட்டேன். "இது பர்சேஸ் பிரிவைச் சேர்ந்தது" என்று மூடினார்கள். பர்சேஸுக்கு மூன்றாவது. பிஓவைத் திருத்த ஐந்து பேர் அப்ரூவல் வேண்டும் என்றார்கள். நான்காவது ஆள் லீவில் இருந்தார். கேட்டுக் கேட்டு மேலும் சில டிக்கெட். ஆகமொத்தம் பத்து டிக்கெட், பத்தும் பச்சை. அந்த மாத ரிவ்யூ கூட்டத்தில் எங்கள் குழுவின் ஸ்லைடு புல்வெளி மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

48-ஆவது நாள் அந்த மனிதர் நேரிலேயே வந்துவிட்டார். விசிட்டர் பாஸ் வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகவே பதிந்திருக்க வேண்டும், அதனால் மேலே விடவில்லை. நான்தான் கீழே இறங்கிப் போனேன். கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் பில், டெலிவரி சலான், ஸ்டோர்ஸ் முத்திரை போட்ட நகல், எல்லாமே வரிசையாக. "மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்றார்.

என்னத்தைச் சொல்வது? பத்தாயிரம் வாஷரையும் ஒழுங்காக அடித்து, சொன்ன தேதிக்கு அனுப்பியவர். "நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல சார்" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். லிஃப்டில் வரும்போதே ஒரு முடிவோடு வந்தேன். பழைய மெயில் ஒன்றைத் தேடி ஒரகடம் ஸ்டோர்ஸ் நம்பரை எடுத்துப் போன் போட்டேன்.

"அட, இதுக்கா? அன்னைக்கே ஒரு போன் அடிச்சிருந்தா நம்பர்ல மாத்திப் போட்டிருப்பேனே மேடம். ஸ்கிரீன்ல எடுத்ததுமே கிலோன்னுதான் வருது. நாங்க யாரும் அதை மாத்தறதில்ல."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் தெரிந்துவிட்டது. அப்புறமும், மாதக் கணக்கு மூடிவிட்டதால் அந்தப் பதிவைத் திருப்ப மேலும் அப்ரூவல் வாங்கி, 71-ஆவது நாள்தான் அவருக்குப் பணம் போனது. செயல்முறையைத் தாண்டி நேரடியாகத் தொடர்புகொண்டதற்கு எனக்கு ஒரு மெயில் வந்தது. மரியாதையான மெயில்தான். இனி இப்படி நேராமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டிருந்தார்கள்.

இதில் நஷ்டம் அவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படித் தாண்டிய தொகையை மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்த வருடச் செலவாகக் கழிக்கவே முடியாது. வரி ஆலோசகர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் 52 கிலோவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அவர்கள் பார்க்கும் ஸ்லைடில் வராது.

இனி உற்சாகத்துக்கு வருகிறேன். சர்வேயில் எங்கள் துறைக்கு மதிப்பெண் குறைவாக வந்ததாம். உடனே ஓர் ஈடுபாட்டுக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுவுக்கு ஒரு செயலி. வெள்ளிக்கிழமை விளையாட்டுக்கு வந்தவர்கள் அந்தச் செயலியில் வருகையைப் பதிய வேண்டும். அதற்கொரு பாஸ்வேர்டு. பொங்கல் விழாவுக்குத் தீயணைப்பு விதிப்படி அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் இண்டக்ஷன் அடுப்பில் எவர்சில்வர் பானையை வைத்தோம். பொங்குவதற்குள் மீட்டிங் அறைக்கு எடுத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. பாதியில் எடுத்துக்கொண்டு பேண்ட்ரிக்கு ஓடினோம். உண்மையைச் சொன்னால் அந்த ஓட்டத்தில்தான் எல்லோரும் மனம்விட்டுச் சிரித்தோம். அது எந்தத் திட்டத்திலும் இல்லை.

வேலையில் ஈடுபாடு என்ற பேச்சை ஆய்வுலகத்தில் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் கான். 1990-இல் ஒரு கோடைக்கால முகாமின் ஊழியர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தையும் கவனித்து எழுதினார். மனிதர் எப்போது தன்னை முழுதாக வேலைக்குக் கொடுக்கிறார், எப்போது உள்ளுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் கேலப் நிறுவனத்தின் பன்னிரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா என்பது. இரண்டாவது, வேலையைச் சரியாகச் செய்யத் தேவையான கருவிகள் என்னிடம் உள்ளனவா என்பது. இந்த இரண்டையும் தாண்டித்தான் நண்பர்கள், பாராட்டு, வளர்ச்சி எல்லாம் வருகின்றன. நாம் முதல் இரண்டையும் கைவிட்டுவிட்டு நேராகக் கோலப்போட்டிக்குப் போய்விட்டோம்.

என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டால் எனக்கே தெரியாது என்பதுதான் நிலவரம். பெருங்குடியில் ஒரு மேலாளர் இருக்கிறார், விடுமுறையும் சம்பள உயர்வும் அவர் கையில். வெளிநாட்டில் ஒருவர் இருக்கிறார், யாருக்குக் கீழே யார் என்று காட்டும் படத்தில் எங்களுக்குள் புள்ளிக்கோடு போட்டிருக்கும். இவர் பில்லை வேகமாக முடி என்கிறார், அவர் பணத்தைக் கூடுமானவரை தாமதப்படுத்து என்கிறார். இது போக ஆடிட், தரம், மாற்றத் திட்டம் என்று ஆளாளுக்கு ஒரு எக்செல் அனுப்பி வெள்ளிக்கிழமைக்குள் கேட்பார்கள். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்.

அந்த எக்செல்களில் ஒன்றைப் பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன். நிலுவை பில்களை வயதுவாரியாகப் பிரித்து வாராவாரம் பதினான்கு பேருக்கு அனுப்பும் அறிக்கை அது. செய்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். ஒரு தடவை ஆண்டுக் கணக்கு நெருக்கடியில் அனுப்பவில்லை. யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் அனுப்பவில்லை. இப்படியே ஐந்து வாரம். ஆறாவது வாரம் எனக்கே பயம் வந்து அனுப்பிவிட்டேன். ஒருவர் மட்டும் "நன்றி" என்று பதில் போட்டார், அதுவும் தானியங்கிப் பதிலோ என்று எனக்குச் சந்தேகம்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. அம்பத்தூரில் என் முதல் வேலையில் முதலாளி அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருப்பார். பில்லை நீட்டினால் கையெழுத்து, அதோடு முடிந்தது. எளிமைதான். ஆனால் அவருக்கு மனசு சரியில்லாத நாளில் யாருக்கும் பணம் போகாது. பி.எஃப். கட்டினாரா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வராது. ஒரே ஆளின் கையில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தில் நாடே பார்த்தது. 2013-இல் வந்த கம்பெனிகள் சட்டம் உள்கட்டுப்பாடுகளை இறுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. பில் போடுகிறவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டை யாராவது எடுக்க நினைத்தால் முதலில் மறுப்பவள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் 18,400 ரூபாய்க்கு ஐந்து பேர் கையெழுத்து எதற்கு? எங்கள் அப்ரூவல் பதிவில் நேரமும் விழும். ஒரு நாள் சும்மா பார்த்தேன். மூன்றாவது ஆள் ஒரே நிமிடத்தில் 23 பில்லுக்கு அப்ரூவல் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்னால் இரண்டு பேர் பார்த்திருப்பார்கள், பின்னால் இரண்டு பேர் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருப்பார். முன்னால் இருந்த இருவரும் அப்படியே நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் பார்த்தபோது பார்த்தார்கள், ஐந்து பேர் ஆனபோது யாரும் பார்க்கவில்லை. பாதுகாப்பு கூடியதாகக் கணக்கில்தான் தெரிகிறது.

பாஸ்வேர்டு கதையும் இதே ரகம். எனக்கு ஒன்பது பாஸ்வேர்டு, 90 நாளுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. எங்கள் மாடியில் இன்னும் கீபோர்டுக்கு அடியில் மஞ்சள் ஒட்டுத்தாளில்தான் பாதுகாப்பு வாழ்கிறது.

நான் அம்பத்தூரில் இருந்துதான் தினமும் வருகிறேன். மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கே ரோட்டைக் கடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் பெருங்குடி, அப்புறம் ஷேர் ஆட்டோ. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்தபோது, பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் என்றார்கள். எனக்கு சீசன் டிக்கெட் இருப்பதால் பெரிய உபயோகம் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். மாநகரப் பஸ் யாருடையது, மெட்ரோ யாருடையது, ரயில் யாருடையது என்பதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது, கணக்கை யார் வைப்பது என்ற தலைவலி கூடியிருக்கும் என்றுகூடச் சொல்வேன். அந்தத் தலைவலியைப் பயணி தலையிலிருந்து இறக்கி, நடுவில் இருக்கும் ஒரு அமைப்பு வாங்கிக்கொண்டது. சிக்கல் எங்கும் காணாமல் போகாது, யாராவது ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். எங்கள் அலுவலகங்களில் அதைச் சுமக்கும் ஆள் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறவர். வடிவமைத்தவருக்கு ஒரு பட்டன் மிச்சம், எங்களுக்கு ஒரு மாதம்.

அந்த ரயில் கொரட்டூர், வில்லிவாக்கம் தாண்டும்போது எனக்குப் பாடி ஞாபகம் வரும். 1998-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதன்முதலாக வாங்கியது பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு. தர மேலாண்மை என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன். அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த அமெரிக்கத் தர வல்லுநர் டெமிங் மேலாளர்களுக்கு வைத்த 14 கோரிக்கைகளில் பன்னிரண்டாவது எனக்குப் பிடித்தது: தன் கைவேலையில் பெருமைப்படும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து பறிக்கும் தடைகளை எடுத்துவிடுங்கள். உற்சாகப்படுத்துங்கள் என்று அவர் கேட்கவில்லை. பெருமை ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று அவர் நம்பினார், குறுக்கே கிடப்பதை எடுக்கச் சொன்னார். ஒரகடம் ஸ்டோர்ஸ்காரர் போனில் "மாத்திப் போட்டிருப்பேனே" என்றபோது அவர் குரலில் இருந்தது அந்தப் பெருமைதான். அவருக்கு வேலை தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

அதனால் அடுத்த சர்வேக்கு முன் சில காரியங்களைச் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட்டை மூடும் உரிமை கேட்டவரிடம் இருக்கட்டும், பதில் சொன்னவரிடம் வேண்டாம். இது ஒன்றைச் செய்தாலே உங்கள் பச்சையில் பாதி சிவப்பாகும், ஆனால் அப்போதுதான் எங்கே வலிக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு மனிதரின் பெயரும் எக்ஸ்டென்ஷன் நம்பரும் இருக்கட்டும். போன் பேசுவதைக் குற்றமாக்காதீர்கள். பேசி முடித்ததைக் கடைசியில் ஒரு வரி பதிந்து வைத்தால் ஆடிட்டருக்கும் போதும். சின்னத் தொகைகளுக்கு இரண்டு கையெழுத்தோடு நிறுத்துங்கள், எது சின்னத் தொகை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். புதிய அறிக்கை கேட்கிறவர் அது எந்தத் தேதியோடு நிற்கும் என்றும் சேர்த்தே எழுதட்டும்.

படிவத்தை வடிவமைக்கிறவர் மாதம் ஒரு தடவை அந்தப் படிவத்தை முழுதாக நிரப்பியே ஆக வேண்டும் என்று ஒரு விதி போட்டால், மற்ற விதிகளில் பாதி தானாக உதிரும் என்பது என் சொந்தக் கணிப்பு.

எளிமைப்படுத்துகிறோம் என்று சொல்லி இருக்கிற நான்கு செயலிகளுக்கு மேல் ஐந்தாவதாக ஒரு 'ஒரே தளம்' மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். போன தடவை அதுதான் நடந்தது. பழைய நான்கும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

முடிந்தால் உங்களில் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலை வந்து என் பக்கத்து நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஸ்லைடு வேண்டாம், குழு வேண்டாம். விசிட்டர் பாஸுக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால் நான் பதிந்துவைக்கிறேன். ஒரே ஒரு பில்லை நீங்களே கையில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். காபி என் செலவு, மெஷின் காபி இல்லை, கீழே டீக்கடையிலிருந்து.

அம்பத்தூர்காரர் அடுத்த ஆர்டருக்கும் வாஷர் அனுப்பிவிட்டார். ஒரகடத்தில் அந்த ஸ்கிரீனில் இன்றைக்கும் எடுத்ததும் கிலோதான் வருகிறது. அதை மாற்றச் சொல்லிப் பதினொன்றாவது டிக்கெட்டைப் போட்டிருந்தேன். நேற்றுப் பார்த்தேன், பச்சையாக இருக்கிறது.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருத்தி,
பெருங்குடி, சென்னை